மணிலாவும் பொட்டலமும்

விருத்தாசலமென்றதும் பீங்கானை நினைப்பர். சூழவுள்ள செம்மண்ணின் செல்வம் மணிலாவே. அதன் வேர் கசியவிடும் பொருளை உணர்ந்து, மண்ணிலுள்ள ரைசோபியம் பாக்டீரியா தன் 'நாட்' மரபணுக்களை இயக்கி விடையனுப்புகிறது. விடை பொருந்தினால்தான் வேர் அதனை ஏற்று முடிச்சு கட்டும். காற்றிலுள்ள தழைச்சத்து பயிருக்குச் சேரும்.

ஆகவே, கொண்டைக்கடலைக்குரிய பொட்டலத்தை மணிலா விதைக்குக் கொடுப்பது வீண். 40-ஆம் நம்பர் நூல் கேட்கும் நெசவாளரிடம் 80-ஐ நீட்டினால் வாங்குவாரா? பயிரின் பெயரையும் காலாவதித் தேதியையும் பாராமல் வாங்கும் அங்கத்தினரையும், உயிருள்ள சரக்கை வெயிலில் அடுக்கும் சங்கங்களையும் ஒருங்கே கண்டிக்கிறோம்.

பூக்கும் பருவத்தில் ஒரு முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே சிவந்திருப்பின் நன்று. வெளுத்திருப்பின், அச்செடியையே அடுத்த மகாசபைக்குக் கொண்டுவாருங்கள்.