கார் நிற்கும் இடத்தில் படகு

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவின் கீழ்த்தளங்கள் மூழ்கின. மாடியிலும் கூரையிலும் காத்திருந்தவர்களுக்கு மீட்புப் படகு வர நேரமானது. அடுத்த மழைக்காலத்துக்குள் அங்கே சிலர் சொந்தப் படகே வாங்கிவிட்டார்கள். வடிகாலைச் சீராக்குவது அரசின் வேலைதான்; அதற்காகக் கழுத்தளவு நீரில் நின்று காத்திருக்க முடியுமா?

வாங்கியதை எங்கே வைப்பது? 20 அடி அகல வரிசை வீட்டு வாசலைக் காரும் மோட்டார் சைக்கிளும் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஃபைபர் படகென்றால், முன்கூரைச் சட்டத்தில் கயிறும் கப்பியும் போட்டுக் கவிழ்த்துத் தொங்கவிடுவதே உத்தமம். நிமிர்ந்து கிடந்தால் மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும். அது பரப்பும் டிங்கிக் காய்ச்சலில் நாட்டிலேயே முன்னணி, ஷா ஆலம் இருக்கும் சிலாங்கூர் மாநிலம்தான். வெள்ளத்துக்கு வாங்கிய படகுக்காகச் சுகாதார இலாகாவிடம் அபராதம் கட்டுவது கொடுமை!

காற்றடைக்கும் படகு அலமாரிக்குள் அடங்கும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும், வெயிலில் கிடந்தால் ஒட்டு விடும்.

கீழ்த்தள ஸ்டோரில் மட்டும் வைக்கக்கூடாது. தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். மாடியில், பம்பும் துடுப்பும் உடனிருக்க, திறக்கக்கூடிய கிரில் உள்ள சன்னலருகே வைக்கலாம். கிரில் சாவியும் அங்கேயே தொங்கட்டும்.