உபதேசம் சுத்தம், கல்லறையில் சுவர்

பாட்டியை அடக்கம் செய்த வாரத்தில்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எனக்கு அப்போது பதினேழு வயது. எங்கள் ஊர்க் கல்லறையில் ஒரு சுவர் உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் ஊர்க்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஐம்பது வருடம் ஒரு ஞாயிறும் தவறாமல் கோயிலுக்குப் போன பாட்டியும் இந்தப் பக்கம்தான். "இது சரியா ஐயா?" என்று எங்கள் ஊழியரிடம் கேட்டேன். "அது ஊர் வழக்கம் தம்பி, உபதேசம் இல்ல. நீ உபதேசத்துல சுத்தமா இரு, மத்தத கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார். அதனாலேயே பல வருடம் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று இதே பதிலைக் கேட்டுக் குழம்பி நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வேதத்தையே திறப்போம். 'ஆரோக்கியமான உபதேசம்' என்ற சொல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் வருகிறது. கத்தோலிக்கர்களின் மொழிபெயர்ப்பில் 'நலந்தரும் போதனை'. அந்த உபதேசத்துக்கு விரோதமானவர்கள் யார் என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. திரித்துவத்தைத் தவறாக விளக்குகிறவர்களின் பட்டியல் அல்ல அது. கொலை செய்கிறவர்கள், பொய்ச்சத்தியம் செய்கிறவர்கள், மனிதரைத் திருடி விற்கிறவர்கள் என்று போகிறது. அதாவது, சக மனிதனைச் சரக்காக்குகிறவன் வாயால் என்ன அறிக்கையிட்டாலும், அவன் உபதேசம் நோய் பிடித்தது. சுகமா நோயா என்பதை அவன் நடத்தையை வைத்தே வேதம் சொல்கிறது.

அடுத்து அந்தியோகியாவில் நடந்தது. கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரம். யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து, பந்தியை விட்டு விலகிக்கொள்கிறார். பேதுருவின் உபதேசத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. சாப்பிடும் இடம் மட்டும்தான் மாறியது. ஆனால் அது 'ஏதோ வழக்கம்' என்று பவுல் விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்திலிருந்தே விலகுகிறாய் என்று எல்லார் முன்பாகவும் முகத்துக்கு நேராக எதிர்த்தார். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பவுலுக்கு உபதேசப் பிரச்சினை.

'கீழ்ப்படிதல்' என்ற சொல் நம் மக்களுக்குக் காயம்பட்ட சொல் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குக் கீழ்ப்படி, ஆண்டைக்குக் கீழ்ப்படி, கடைசியில் சாமியாருக்கும் கீழ்ப்படி. அடிமைகள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படியட்டும் என்ற வசனங்களும் அதே வேதத்தில்தான் இருக்கின்றன. அவற்றை வைத்து எத்தனை தலைமுறைகளின் வாயை அடைத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரோமர் ஆறாம் அதிகாரம் பேசுவது வேறு கீழ்ப்படிதலை. ஒப்படைக்கப்பட்ட உபதேசத்துக்கு மனப்பூர்வமாகக் கீழ்ப்படிந்தவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர்கள் விடுதலையானவர்கள் என்கிறது. கடவுளுக்கு மனதாரக் கீழ்ப்படிகிறவன் சாதிக்குக் கீழ்ப்படிய முடியாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இங்கே இருநூறு வருடமாக நடக்கிற ஏமாற்று.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனடியாக, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே விலகினார்கள். சாதி வெறும் சமூக வழக்கம், அதில் மென்மையாக நடந்துகொள்ளலாம் என்று லைப்சிக் லுத்தரன் மிஷன் வாதாடியது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வெள்ளாளர்கள் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். 2003-ல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம், சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணிக்கே தடை என்றார். ஐந்தே வருடத்தில், 2008 மார்ச்சில், விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப்பங்கு கேட்டதால் கலவரம் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரு தரப்பும் கத்தோலிக்கர்கள். இரு தரப்பும் சொல்வது ஒரே விசுவாச அறிக்கை.

கண்டனத்துக்கு இங்கே குறைவில்லை. சாதியை 'குறை', 'பலவீனம்', 'தடை' என்கிறார்கள். உபதேசப் பிழை என்று மட்டும் சொல்லத் தயங்குகிறார்கள். 'பலவீனம்' என்ற சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. 1857-ல் அங்குள்ள டச்சு சீர்திருத்தச் சபையின் மாமன்றம், எல்லாரும் ஒன்றாக ஆராதிப்பதே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 'சிலரது பலவீனத்தின் பொருட்டு' கறுப்பர்களுக்குத் தனி ஆராதனை வைத்துக்கொள்ளலாம் என்றது. 1881-ல் தனி ஆராதனை தனிச் சபையாகவே ஆனது. பிறகு இனஒதுக்கல் ஆட்சிக்கு அதே வெள்ளைச் சபை வேதத்திலிருந்து நியாயம் எடுத்துக் கொடுத்தது. சிலரது பலவீனம் ஒரு தேசத்தின் சட்டமானது.

அதை எதிர்த்தவர்கள் 'பாகுபாடு வருத்தத்துக்குரியது' என்பதோடு நிற்கவில்லை. 1982-ல் ஒட்டாவாவில் கூடிய உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு, இனஒதுக்கலை நியாயப்படுத்தும் இறையியல் வேதப்புரட்டு என்று அறிவித்து, இரண்டு வெள்ளைச் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது. அதே வருடம், ஒதுக்கப்பட்ட மக்களின் சபை பெல்ஹாரில் புதிய விசுவாச அறிக்கையின் வரைவை எழுதி, 1986-ல் அதை ஏற்றுக்கொண்டது. விசுவாச அறிக்கை எழுதும் உரிமை மேலே இருப்பவர்களுக்கு மட்டும் இல்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

நாமும் அங்கிருந்து தொடங்கலாம். சாதியை எதிர்ப்பது 'அரசியல்', சுவரைக் காப்பது 'ஆன்மீகம்' என்ற பிரிவினையை ஏற்காதீர்கள். உபதேசத்தை அவர்களிடம் விட்டுக்கொடுத்துவிட்டு வெளியே நின்று கத்தாதீர்கள். திடப்படுத்தல் வகுப்பில், வாலிபர் கூட்டத்தில், சபைத் தேர்தலில் கேளுங்கள்: நம் கல்லறை ஒன்றா இரண்டா? சப்பரம் எந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது? சாதிச் சுவரைக் காக்கிறவருக்குத் திருவிருந்து கொடுப்பது சரியா? 'இது உபதேசம் இல்லை' என்றால், கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

விசுவாசமே வேண்டாம் என்று வெளியேறிய தோழர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்களை வெளியேற்றியது அந்தச் சுவர்தான். ஆனால் என் பாட்டி வெளியேறவில்லை. கோயிலில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்துகொண்டே ஐம்பது வருடம் மனதாரக் கீழ்ப்படிந்தவர் அவர். எங்கள் கோயிலில் யாருடைய உபதேசம் ஆரோக்கியமாக இருந்தது என்று இப்போது என்னால் சொல்ல முடியும். அந்த ஊழியர் இன்னும் இருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவரிடமே சொல்லப்போகிறேன்.