வடசென்னையின் தொண்டை நோவு

சென்னை நகரின் வடபாகத்தில், இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடலோரப் பிரதேசத்தில், குடும்பங்களை விட்டு நீங்காத வியாதி ஒன்று உண்டு. அதைக் குறித்துச் சட்டசபையில் கேள்வி எழுவதில்லை. பொதுக்கூட்டங்களில் தீர்மானம் நிறைவேறுவதுமில்லை. மூத்த பையனுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் காண்கின்றன. அவன் எழுந்து நடமாடுவதற்குள் தங்கை படுக்கிறாள். அவளுக்குச் சொஸ்தமானதும் அடுத்தவன் படுக்கிறான். மறுமாதம் மூத்தவனுக்கே நோவு திரும்பி வருகிறது. இதை அற்ப நோய் என்று தள்ளிவிடுவது பெரும் பிசகு என்பதை நமது நேயர்களுக்கும், சுகாதார இலாகா அதிகாரிகளுக்கும் எடுத்துரைப்பது நமது கடமையென்று கருதுகிறோம்.

தொண்டை நோவுகளில் பெரும்பாலானவை தாமே வந்து தாமே போகிறவை. அவற்றை உண்டாக்குவது வைரஸ். அதற்குக் கிருமிக்கொல்லி மாத்திரையால் யாதொரு பயனும் இல்லை. ஆனால் தொண்டை நோவுடன் வரும் பத்துக் குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி காரணமாயிருக்கிறது. மணிகளைச் சரமாகக் கோத்தாற்போல் தோன்றும் இக்கிருமிக்கு 1874ஆம் வருஷத்தில் பில்ராத் என்னும் வைத்தியர் அப்பெயரிட்டார். இது தொண்டையோடு நின்றுவிட்டால் நாம் தலையங்கம் எழுத வேண்டியதில்லை. தக்க சிகிச்சை பெறாத குழந்தைகளுள் சிலருக்கு, தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் கழிந்த பின், முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்குகின்றன, காய்ச்சல் காண்கிறது. கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சக்தியே, பகைவன் இன்னான் என்றறியாமல், இருதயத்தைத் தாக்குகிறது. இதுவே வாதக் காய்ச்சல். மூட்டு வீக்கம் சுவடின்றி மறையும். இருதய வால்வில் விழுந்த தழும்போ மறையாது. ஒருமுறை வாதக் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு அது திரும்பத் திரும்ப வருமாயின், ஒவ்வொரு முறையும் வால்வு மேலும் பழுதுபடுகிறது.

இது பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களைப் பிடிக்கும் நோய். மேல்நாடுகளில் நடுவயதில் வால்வு சுருங்கக் கண்ட வைத்தியர்களுக்கு, இந்தியாவில் இருபது வயது நிரம்பாதவர்களுக்கே அது முற்றிச் சுருங்கிவிடுகிறது என்பதை, தில்லியில் எஸ். பி. ராயும் அவருடைய சகாக்களும் 1963இல் எடுத்துக்காட்டினார்கள். உலகில் இன்று ஐந்து கோடிக்கு மேற்பட்டோர் இந்த இருதய நோயுடன் வாழ்கிறார்கள். வருஷந்தோறும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிகிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் ஏழை நாடுகளின் பிரஜைகள். செல்வ நாடுகளிலிருந்து இந்நோய் ஏறக்குறைய விடைபெற்றுக்கொண்டது. நெருக்கமில்லாத வீடும், வேளைக்குக் கிடைக்கும் வைத்தியமும் அதை அங்கிருந்து விரட்டின.

வடசென்னைக்கோ இதில் ஒரு தனிச் சங்கடமும் உண்டு. மணலியின் சுத்திகரிப்பு ஆலைகள், எண்ணூரின் அனல்மின் நிலையங்கள், நிலக்கரித் தூசி, துறைமுகத்தை நோக்கி இரவும் பகலும் ஊர்ந்து செல்லும் கண்டெய்னர் லாரிகள் ஆகியவற்றின் நடுவே வசிக்கும் ஜனங்களுக்குத் தொண்டைக் கரகரப்பு என்பது நாள்தோறும் உள்ள சங்கதி. 2023ஆம் வருஷம் டிசம்பர் 26ஆம் தேதி இரவு, எண்ணூரில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, பெரியகுப்பம் முதலிய ஊர்களின் ஜனங்கள் கண்ணும் தொண்டையும் எரிய, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீதிக்கு ஓடி வந்ததை நாடறியும். இத்தகைய இடத்தில் ஒரு குழந்தை "தொண்டை நோகிறது" என்று சொன்னால், "இந்த ஊர்க் காற்றே இப்படித்தான்" என்று தாயார் சமாதானம் செய்வதில் ஆச்சரியம் என்ன? அவள் சொல்வது பெரும்பாலும் உண்மையுங்கூட. ஆனால் நூறு சாதாரண நோவுகளின் நடுவே, இருதயத்தை நாடிச் செல்லும் அந்த ஒன்று ஒளிந்துகொள்கிறது. காற்றைக் கெடுத்தவர்கள் தொண்டையை மட்டுமா கெடுத்தார்கள்? நோயை இனங்கண்டு எச்சரிக்கையடையும் சக்தியையுமல்லவா ஏழைகளிடமிருந்து பறித்துவிட்டார்கள்!

ஆகவே இரண்டையும் பிரித்தறியும் வழியை ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் அவசியம். புகையால் வரும் கரகரப்பில் இருமல் உண்டு, கண் எரியும், காய்ச்சல் இராது. வைரஸால் வருவதில் மூக்கு ஒழுகும், இருமலும் இருக்கும். கிருமியால் வரும் நோவோ திடீரென்று தொடங்கும்; காய்ச்சல் கடுமையாயிருக்கும்; எச்சில் விழுங்க முடியாது; அடிநாக்குச் சதை சிவந்து வெண்புள்ளிகள் காணும்; கழுத்தின் முன்புறம் நெறி கட்டும்; இருமலும் சளியும் பெரும்பாலும் இரா. இக்குறிகளைக் கண்டால் அன்றைக்கோ மறுநாளோ வைத்தியரிடம் காட்ட வேண்டும். நோவு தொடங்கிய ஒன்பது நாட்களுக்குள் தக்க மருந்து கொடுத்தாலும் வாதக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம் என்பது நிபுணர்கள் கண்ட உண்மை. பயப்படவும் வேண்டாம், தாமதிக்கவும் வேண்டாம் என்பதே நாம் சொல்வது.

வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவராக நோவுறுவதன் காரணம் நெருக்கமே. அமெரிக்காவில் 1949 முதல் வாரன் என்னும் ராணுவத் தளத்தில் நடந்த ஆராய்ச்சிகள் இவ்விஷயத்தில் பிரசித்தமானவை. தொண்டை நோவுக்குப் பெனிசிலின் கொடுத்தால் வாதக் காய்ச்சல் தடுக்கப்படும் என்று நிலைநாட்டியது அங்கேதான். நோயாளியின் கட்டிலுக்கு எவ்வளவு அருகில் ஒருவன் படுத்தானோ, அவ்வளவுக்கு அவனுக்கு நோய் தொற்றியது என்பதையும் அங்கே கண்டார்கள். கட்டிலுக்குக் கட்டில் அடிக்கணக்கு பார்த்த அந்த ஆராய்ச்சியாளர்கள், இராயபுரத்துச் சந்தில் ஒரே அறையில் ஒரே பாயில் ஐந்து பேர் படுப்பதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ! துப்புரவின்மையே காரணம் என்று ஏழைகளைத் தூற்றுவோர் இதைக் கவனிக்க வேண்டும். இடம் கொடாமல் நெருக்கி வைத்துவிட்டு, ஏன் நெருங்கிப் படுத்தாய் என்று கேட்பது நியாயமாகாது.

ஆனாலும் கைக்கெட்டியதைச் செய்யலாம். நோயுற்ற குழந்தையைச் சுவரோரமாகவோ வாசலோரமாகவோ தனியே படுக்க வைக்கலாம். தம்ளரையும் துண்டையும் பிரித்து வைக்கலாம். கை கழுவும் வழக்கத்தைக் கண்டிப்பாக்கலாம். மருந்து தொடங்கி ஒரு நாள் ஆகிக் காய்ச்சலும் தணிந்த பின்னரே பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். அதே சமயத்தில் வீட்டில் வேறு எவருக்கேனும் நோவிருந்தால் அவரையும் கூட அழைத்துச் சென்று காட்ட வேண்டும். நோவில்லாதவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுப்பது வீண். சில குழந்தைகளின் தொண்டையில் இக்கிருமி தீங்கின்றிக் குடியிருப்பதும் உண்டு. அவர்களுக்கு வைரஸால் நோவு வரும்போதெல்லாம் கிருமியே காரணமென்று தோன்றும். திரும்பத் திரும்ப வரும் நோவில் எது எது என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. அடிநாக்குச் சதையை அறுத்தெடுக்கும் யோசனையும் ஒரே வருஷத்தில் ஏழு முறையோ, அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் ஐந்தைந்து முறையோ கடும் நோவு கண்டவர்களுக்கே உரியது.

இனி மருந்துக் கடை விஷயம். மீன் ஏலத்துக்காக விடியுமுன் காசிமேட்டுக்குப் போகிற தாய்க்கும், துறைமுகத்தில் நாட்கூலி பெறுகிற தகப்பனுக்கும் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். ஆகையால் கடையில் மூன்று நாள் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் தணிகிறது. மூன்றாம் மாத்திரை அடுத்த குழந்தைக்காகப் பத்திரப்படுத்தப்படுகிறது. இவ்வாறு அரைகுறையாகத் தின்னும் மருந்துகளில் சிலவற்றை இக்கிருமி பல இடங்களில் வென்றுவிட்டது. பெனிசிலினை மாத்திரம் அது இன்றுவரை வெல்லவில்லை. பத்து நாள் பெனிசிலின் மாத்திரை, அல்லது நீண்டநாள் நிற்கும் பென்சதீன் பெனிசிலின் ஊசி ஒன்று போதும். வாதக் காய்ச்சல் ஏற்கெனவே கண்டவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவ்வூசியைத் தவறாமல் போட வேண்டும். இருதயம் பழுதுபடாதவர்க்குக் குறைந்தது ஐந்து வருஷம் அல்லது 21 வயது வரையில், பழுதுபட்டவர்க்குப் பத்து வருஷமும் அதற்கு மேலும்.

இவ்வூசியைக் கண்டு ஜனங்களைவிட வைத்தியர்களே அதிகமாக அஞ்சுவதாகத் தெரிகிறது. ஒவ்வாமையால் ஆபத்து நேருமென்பது அவர்கள் பயம். 1991இல் வெளியான சர்வதேச ஆராய்ச்சி ஒன்றில், 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளில் கடும் ஒவ்வாமை நேர்ந்தது நான்கு முறை, மரணம் ஒன்று. அந்த ஓர் உயிரும் அருமையானதே. ஆகவே அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊசி போட்டவரைச் சிறிது நேரம் இருத்திப் பார்த்து அனுப்ப வேண்டும். வால்வு மிகவும் பழுதுபட்டவர்களுக்கு ஊசிக்குப் பதிலாக மாத்திரை தருவதா என்பதையும் யோசிக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஊசியையே நிறுத்திவிடுவது, கிணற்றில் தவறி விழுவார்கள் என்று ஊருக்குத் தண்ணீரையே மறுப்பதற்கு ஒப்பாகும்.

மருந்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் தேசாபிமானிகளுக்கு உரியது. சுதந்திரம் பெற்ற சில வருஷங்களுக்குள், 1954இல், புனாவுக்கு அருகே பிம்பிரியில் நமது சர்க்கார் பெனிசிலின் தொழிற்சாலை நிறுவியது. பிறகு மலிவு விலைச் சீனச் சரக்கு வந்து குவிந்தது. நமது ஆலைகள் ஒவ்வொன்றாய்ப் பெனிசிலின்-ஜி உற்பத்தியைக் கைவிட்டன. அந்த மூலப்பொருளுக்கு அந்நியர் கையை எதிர்பார்க்கலானோம். 2024இல்தான் காக்கிநாடாவில் அதைச் செய்யும் பெரிய ஆலை ஒன்று மறுபடியும் எழுந்தது. இதை மனமார வரவேற்கிறோம். பென்சதீன் ஊசி விலை மலிவானது, லாபம் குறைவு, ஆகையால் முதலாளிகள் அதில் சிரத்தை காட்டுவதில்லை. லாபமில்லாத இடத்தில் தேசத்தின் கை நீள வேண்டும். துணியில் மட்டுமா சுதேசியம்? குழந்தையின் இருதயத்தைக் காக்கும் மருந்திலும் அது வேண்டும்.

இந்நோயை வெல்ல முடியும் என்பதற்கு அத்தாட்சி வெகுதூரத்தில் இல்லை. வேலூர் ஜில்லாவில் 2001-02இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிச் சிறுவர்களைப் பரிசோதித்தபோது, ஆயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே இந்த இருதய நோய் காணப்பட்டது. காதால் கேட்டறிவதைவிட எக்கோ கருவியால் பார்த்தால் பன்மடங்கு அகப்படும் என்று பிற தேசங்களில் 2007இல் கண்டதையும் மறக்கலாகாது. கியூபாவில் பினார் டெல் ரியோ மாகாணத்தில் 1986 முதல் பத்து வருஷம் பாடுபட்டு நோயை வெகுவாகக் குறைத்தார்கள். 2018இல் உலக சுகாதார மகாசபை எல்லா நாடுகளும் இதில் முனைய வேண்டுமென்று தீர்மானித்தது.

ஆகவே சென்னைக் கார்ப்பொரேஷனையும் மாகாண சர்க்காரையும் நாம் கேட்பவை நான்கு. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், மணலி ஆகிய இடங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் தொண்டைப் பரிசோதனையும் பெனிசிலினும் எந்நாளும் குறைவின்றி இருக்க வேண்டும். தொழிலாளர் கூலி இழக்காமல் வர, வாரத்தில் சில நாட்களேனும் மாலையில் இவ்வூசிக்கென வேளை ஒதுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்க 2013இல் ஏற்பட்ட தேசியத் திட்டத்தில் இந்நோயும் சேர்ந்திருக்கிறது. அது காகிதத்தோடு நில்லாமல், ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் எக்கோ அறை வரையில் குழந்தையைக் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். ஊசி தவறிய குழந்தையின் வீட்டைத் தேடிச் செல்லப் பதிவேடும் தாதியும் வேண்டும். வால்வு மாற்றும் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் காப்பீட்டுப் பணம் கொடுக்கும் சர்க்கார், சில ரூபாய் ஊசிக்குச் சுணங்குவது, நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டக் காத்திருப்பதேயாகும்.

நமது வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றைக் கெடுக்கும் ஆலைகளை எதிர்த்து நீங்கள் கொடி பிடிக்கிறீர்கள். அது நியாயம், அதை விடாதீர்கள். ஆனால் அப்போராட்டம் வெற்றியடையும் நாள்வரை குழந்தைகளின் இருதயம் காத்திராது. உங்கள் வீதியில் வாதக் காய்ச்சல் கண்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களுக்கு அடுத்த ஊசி எந்தத் தேதியில் என்பதை ஒவ்வொரு சங்கமும் வாசகசாலையும் எழுதி வைத்து, வேளை வந்தபோது அழைத்துச் செல்லட்டும். ஒரு தலைமுறைக் குழந்தைகளின் மூச்சு இரைக்காமல் ஓடி விளையாடும் உரிமை, நாம் பெற்ற சுதந்திரத்தில் சேர்ந்ததேயாகும்.