ஏழாம் இடத்துக்கும் ஒரு கணக்கு வேண்டும்: பாலக்காட்டுத் தடகளமும் ஐரோப்பிய அணிப் போட்டியும்

2023 ஜூன் மாதம் போலந்தின் சிலேசியா விளையாட்டரங்கில் பெண்களுக்கான 100 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் நடந்தது. பெல்ஜியத்தின் சார்பில் ஓடியவர் ஜோலியன் பூம்க்வோ. அவர் ஓட்டக்காரர் அல்லர்; குண்டு எறிபவர். அணியின் தடை ஓட்ட வீராங்கனைகள் விலகிவிட்டதால் கடைசி நேரத்தில் அவர் களமிறங்கினார். ஒவ்வொரு தடையையும் நிதானமாக, சிரித்தபடி கடந்து 32.81 விநாடிகளில் இலக்கை அடைந்தார். அவரோடு ஓடியவர்கள் அதில் பாதி நேரத்துக்குள் ஓட்டத்தை முடித்திருந்தனர். அந்தக் காணொளி உலகெங்கும் பரவியது. வேடிக்கையாகப் பார்த்தவர்கள் பலர். அந்த ஓட்டத்தின் பின்னிருந்த கணக்கை எண்ணிப் பார்த்தவர்கள் சிலரே.

அது ஐரோப்பிய அணித் தடகளப் போட்டி. 1965இல் ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் தொடங்கியது; 2009இல் ஆண், பெண் புள்ளிகள் ஒன்றாகக் கூட்டப்பட்டு இன்றைய பெயரைப் பெற்றது. 2023ஆம் ஆண்டின் முதற்பிரிவில் 16 நாடுகள், 37 போட்டிகள். ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு நாட்டுக்கு ஒருவரே. முதலிடத்துக்கு 16 புள்ளிகள்; அதிலிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொன்றாகக் குறையும். இறுதியில் கடைசி மூன்று நாடுகள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கும். இரண்டாம் பிரிவின் முதல் மூன்று நாடுகள் மேலேறும். யாரையும் அனுப்பாத நாட்டுக்கு அந்தப் போட்டியில் எதுவும் கிடைக்காது. ஆகவேதான் பூம்க்வோ ஓடினார். அவர் சேர்த்தவை 2 புள்ளிகள். ஆயினும் பெல்ஜியம் 14ஆம் இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அந்த இறக்கம் அவருடைய ஓட்டத்தைப் பொருளற்றதாக்கிவிடவில்லை. அணிக்கு ஒரு புள்ளியும் வீணாகக் கூடாது என்று ஒருவர் கருதுவதற்கு அந்த அமைப்பு இடம் தந்திருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

இங்கிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வரலாம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தில், தமிழ் வீட்டுமொழியாகவும் பள்ளிமொழியாகவும் வாழும் ஊர் அது. பாலக்காடோ கேரளத் தடகளத்தின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று. 2019, 2022, 2023 ஆகிய ஆண்டுகளின் மாநிலப் பள்ளித் தடகளப் பட்டம் அதற்கே கிடைத்தது. 2024இல் மலப்புறம் 247 புள்ளிகளோடு முந்த, பாலக்காடு இரண்டாமிடம் பெற்றது. நீளம் தாண்டுதலில் 2022 காமன்வெல்த் வெள்ளி வென்ற ஸ்ரீசங்கரும், ஆசியப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வென்ற சித்ராவும் இந்த மாவட்டத்தவர்கள். ஆனால் மாவட்டத்தின் வெற்றியைப் பேசும்போது வரும் பெயர்கள் பறளி, முண்டூர், குமரம்புத்தூர் போன்ற சில பள்ளிகளின் பெயர்களே. அவை பாலக்காடு நகருக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ளவை. கிழக்கெல்லைக்கு அந்தப் பேச்சில் இடம் குறைவு.

இதற்குத் திறமைக் குறைவைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் கணக்கிடும் முறையையும் பார்க்க வேண்டும். கேரளப் பள்ளித் தடகளத்தில் தனிநபர் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்கே 5, 3, 1 எனப் புள்ளிகள். நான்காவதாக வந்த குழந்தையும் களத்துக்கே வராத குழந்தையும் பட்டியலில் சமம். பாலக்காடு மாவட்டத்தில் 12 கல்வி உபமாவட்டங்கள் உள்ளன. அவையனைத்தும் ஒரே தட்டில் போட்டியிடுகின்றன. நல்ல பயிற்றுநரும் விடுதியும் நெடுநாள் மரபும் உள்ள பள்ளிகளைக் கொண்ட உபமாவட்டத்தோடு அவை எதுவுமற்ற உபமாவட்டம் மோதினால் முடிவு முன்பே தெரிந்ததுதான். கடைசியில் வரும் உபமாவட்டத்துக்கு இழப்பதற்கும் ஒன்றுமில்லை, அடைவதற்கும் எட்டும் தூரத்தில் ஒன்றுமில்லை. பத்தாம் இடத்திலிருந்து எட்டாம் இடத்துக்கு உயர்ந்தால் அதைக் குறித்துவைப்பவர் யார்?

பதக்கத்தை மட்டும் எண்ணும் இம்மனநிலை பள்ளியோடு முடிவதுமில்லை. 2017இல் புவனேசுவரத்தில் ஆசியத் தடகளத்தில் 1500 மீட்டர் தங்கம் வென்ற சித்ரா, சில வாரங்களிலேயே லண்டன் உலகப் போட்டிக்கான இந்திய அணியிலிருந்து விடுபட்டார். உலக அளவில் அவரது நேரம் போதாது என்பது தேர்வாளர்களின் வாதம். கேரள உயர் நீதிமன்றம் அவரைச் சேர்க்குமாறு உத்தரவிட்டது; அதற்குள் காலம் கடந்துவிட்டதால் பன்னாட்டுச் சங்கம் ஏற்கவில்லை. 2019இல் தோஹாவில் அவர் அதே தங்கத்தை மீண்டும் வென்றார். பதக்கம் கிடைக்குமா என்ற ஒரு கேள்வி மட்டுமே அளவுகோலாகும்போது, பங்கேற்பதன் பயன் கணக்கில் ஏறுவதேயில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் மதிப்புள்ள அமைப்பில் உலகின் பன்னிரண்டாம் இடம்கூட நாட்டின் சேமிப்பாக இருந்திருக்கும்.

இந்தியாவுக்கு ஏற்ற இறக்க முறை புதிதன்று. சென்னையின் கால்பந்து லீக் பல பிரிவுகளாக நடப்பது. ரஞ்சிக் கோப்பையில் ஹைதராபாத் 2022-23 பருவத்தின் முடிவில் பிளேட் பிரிவுக்கு இறங்கியது. அடுத்த பருவத்திலேயே அப்பிரிவை வென்று மேலே திரும்பியது. பெருமைமிக்க ஓர் அணி இறங்கியதால் அங்கே கிரிக்கெட் அழிந்துவிடவில்லை. தடகளத்தில் மட்டும் இது முயலப்படாதிருப்பதற்குத் தக்க காரணம் இல்லை. தேசிய மாவட்டங்களுக்கிடையிலான இளையோர் தடகளத்தில் 600க்கும் மேற்பட்ட மாவட்டங்கள் ஒரே களத்தில் கூடுகின்றன. பிரிவுகளாகப் பகுப்பதற்கு அதைவிட ஏற்ற களம் எது?

தொடக்கம் சிறிதாகவே இருக்கலாம். பாலக்காட்டின் 12 உபமாவட்டங்களை ஆறு ஆறாக இரண்டு பிரிவுகளாக்கலாம். ஒரு போட்டிக்கு ஓர் உபமாவட்டத்திலிருந்து ஒருவர். முதலிடத்துக்கு 6, கடைசி இடத்துக்கு 1. ஆண்டுதோறும் இரண்டு அணிகள் ஏறும், இரண்டு இறங்கும். இப்போதுள்ள தனிநபர் போட்டிகளை ஒழிக்க வேண்டியதில்லை. இது அவற்றோடு சேர்ந்து இரண்டு நாள் நடந்தால் போதும். அப்போது சித்தூர் உபமாவட்டத்துக்கு ஈட்டி எறியவும் கோலூன்றித் தாண்டவும் ஆள் தேட வேண்டியிருக்கும். ஒரு போட்டியைக் காலியாக விட்டால் புள்ளி போகும். இதுவரை யாரும் கூப்பிடாத குழந்தையை ஆசிரியர் கூப்பிட்டாக வேண்டும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் தமிழ்க் குழந்தைகள் பயிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளுக்கும் இது பொருந்தும்.

எதிர்வாதங்கள் உண்டு. இறக்கம் என்பது குழந்தைகளுக்கு அவமானம் என்பது முதலாவது. ஆனால் இறங்குவது அணி, தனிக் குழந்தை அன்று. மேலும், ஒவ்வோர் ஆண்டும் சுழியம் பெற்றுக் கடைசியில் நிற்பதைவிட, தன்னொத்தவர்களோடு மோதி வெல்வதற்கு வாய்ப்புள்ள பிரிவில் நிற்பது எவ்வகையில் தாழ்வு? மொழியிலேயே விடை உள்ளது. ஆங்கிலச் சொல்லைத் ‘தரமிறக்கம்’ என்று பெயர்த்தால் அது தண்டனையாக ஒலிக்கிறது. ‘ஏற்றம், இறக்கம்’ என்றால் அது இயல்பான இயக்கம். கிணற்றில் இறங்காத சால் நீரோடு மேலே வருவதில்லை என்பதை உழவுத் தொழில் அறிந்த சித்தூர்ப் பகுதிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது வாதம் வலுவானது: அணிப் போட்டி உலகத்தர வீரரை உருவாக்காது, ஐரோப்பாவிலேயே முன்னணி வீரர்கள் சிலர் அதைத் தவிர்க்கிறார்கள். இது உண்மை. ஒரு ஸ்ரீசங்கரை லீக் உருவாக்கிவிடாது. அதற்குத் தனிப்பயிற்சி வேண்டும். ஆனால் பள்ளித் தடகளத்தின் நோக்கம் ஒரு ஸ்ரீசங்கர் மட்டும் என்றால், எஞ்சிய ஆயிரக்கணக்கான குழந்தைகள் எதற்காக ஓடுகிறார்கள் என்ற கேள்விக்குக் கல்வித்துறைதான் விடை சொல்ல வேண்டும்.

எல்லைப்புற ஊர்கள் இரு பக்கத்துப் பட்டியல்களிலும் ஓரத்தில் எழுதப்படுபவை. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது கொழிஞ்சாம்பாறையின் தமிழ், கேரளத்தின் மொழிச் சிறுபான்மை ஆயிற்று. அவ்வூர்க் குழந்தைக்குச் சலுகை தேவையில்லை. ஏழாவதாக வந்தாலும் தன் ஊரின் பெயருக்கு நேரே ஓர் எண் எழுதப்படும் என்ற உறுதி தேவை. அந்த எண் இருந்தால் அடுத்த ஆண்டு ஆறாவதாக வருவதற்கு ஒரு காரணம் இருக்கும்.