ஆடி மாதத்து ஒலிபெருக்கிகள்

சென்ற ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அம்பத்தூரை அடுத்த ஓர் அம்மன் கோயில் வாசலில், கூழ் வாங்க வரிசையில் நின்றிருந்த பாட்டி ஒருத்தி தன் பேத்தியைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டாள். கோயிலில் இருந்தவர்கள் கணமும் தாமதிக்காமல் மைக்கில் அறிவித்தார்கள். தெருவின் இரு மருங்கிலும் விளக்குக் கம்பங்களில் கட்டியிருந்த பத்துப் பன்னிரண்டு ஹாரன்களிலிருந்தும் அந்த அறிவிப்பு ஒரே சமயத்தில் இடியென முழங்கிற்று. காதைப் பொத்திக்கொள்ளாதவர் அங்கே எவரும் இல்லை. ஆனால் குழந்தையின் பெயர் என்ன, உடுத்தியிருந்தது மஞ்சள் பாவாடையா பச்சைப் பாவாடையா, கண்டவர்கள் எங்கே கொண்டுவந்து சேர்க்கவேண்டும் என்பதை விளங்கிக்கொண்டவரும் எவரும் இல்லை. முடிவில், பூக்காரி பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்ல, அவள் வளையல் கடைக்காரரிடம் சொல்ல, வாய்மொழியாகவே செய்தி தெருக்கோடிவரை நடந்துபோய், குழந்தை கிடைத்தது. அதற்குள் முக்கால் மணி நேரம் சென்றுவிட்டது. அத்தனை நேரமும், கையில் கூழ்ச் சொம்புடன், ஒவ்வொரு பாவாடையையும் உற்றுப் பார்த்தபடி அந்தப் பாட்டி நின்ற நிலை என் மனத்தை விட்டு அகலவில்லை.

அவ்வளவு சப்தத்தில் ஒரு பெயர் கேட்காமற்போனது எப்படி? காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் தூரமே செல்லும். கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கோ அந்தத் தாமதம் கிடையாது. ஆகையால் நூறு மீட்டர் இடைவெளியில் கட்டிய இரண்டு ஹாரன்களும் 'மீனாட்சி' என்று ஒரே கணத்தில் சொல்லத் தொடங்கினாலும், ஒன்றின் அடியில் நிற்பவனுக்கு மற்றதன் குரல் விநாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழித்தே வந்து சேர்கிறது. இங்கே 'னாட்' என்று கேட்கும்போது அங்கிருந்து 'மீ' வந்து அதன்மேல் விழுகிறது. பன்னிரண்டு ஹாரன்கள் என்றால் பன்னிரண்டு பெயர்கள் ஒன்றையொன்று மிதித்துக்கொள்கின்றன. போதாக்குறைக்கு, எல்லாவற்றுக்கும் ஆம்ப்ளிஃபயரில் ஒரே குமிழ். தெருக்கோடியில் கேட்கவில்லை என்று யாராவது வந்து சொன்னால் மைக் செட்டுக்காரர் அதைத் திருகுவார். கோடியில் சற்றே கேட்கும். கோயிலை ஒட்டிய வீட்டில் படுத்திருக்கும் நோயாளியின் ஜன்னல் அதிரும்.

ஒலிபெருக்கியை இகழ்வது என் நோக்கமன்று. 1955 ஜனவரியில் ஆவடியில், யு. என். தேபர் தலைமையில் கூடி, சோஷலிச மாதிரியான சமுதாயமே நாட்டின் லட்சியம் என்று தீர்மானித்த காங்கிரஸ் மகாசபையைப் போன்ற பெருங்கூட்டங்களில், கடைசி வரிசையில் குந்தியிருந்த குடியானவனுக்கும் தலைவர்களின் பிரசங்கம் எட்டியதென்றால், அது ஒலிபெருக்கி செய்த உபகாரமே. அந்நாளைய மேடைப் புகைப்படங்களில் மைக்கின்மேல் 'சிகாகோ ரேடியோ' என்ற பெயர்ப்பலகையைப் பலரும் கண்டிருப்பார்கள். சப்தத்தைப் பெருக்குவதே அன்று அற்புதமாக இருந்தது. எழுபது ஆண்டுகள் சென்ற பின்னும் நாம் பெருக்குவதோடு நின்றுவிட்டோமே, அதைப் பங்கிட்டுக் கொடுக்கக் கற்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

அதற்கான சாதனம் பிறந்து வெகுகாலமாயிற்று. 1973-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்க வகுத்த ஈதர்நெட் என்னும் முறை, இன்று நம் அலுவலகங்களின் சுவரோரம் ஓடும் நீல நிறக் கேபிளாக நமக்கெல்லாம் பரிச்சயம். அதே கேபிளில் ஒலியையும் அனுப்பலாம் என்று 1990-களின் நடுவில் கோப்ராநெட் என்ற முறை காட்டிற்று. பின்னர் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய ஆடினேட் நிறுவனத்தின் டான்டே அதை உலகெங்கும் அரங்குகளிலும் ஸ்டூடியோக்களிலும் பரப்பிற்று. குரலை விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 இரும இலக்கங்களாக எழுதி, சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, போகவேண்டிய விலாசத்தை மேலே எழுதி அனுப்புகிறார்கள். ஒரு குரலுக்கு ஆவது விநாடிக்கு 11,52,000 இலக்கங்கள். கேட்கப் பெரிய தொகையாயினும், விநாடிக்கு நூறு கோடி இலக்கங்களைச் சுமக்கும் சாதாரணக் கேபிள் ஒன்றில், டான்டே முறைப்படி, போக 512 குரல்களும் வர 512 குரல்களும் சௌகரியமாகச் செல்கின்றன.

ஆனால் பொட்டலங்கள் புறப்பட்ட கிரமத்தில், சம இடைவெளியில் வந்து சேரும் என்பதற்கு ஈதர்நெட் உத்தரவாதம் தருவதில்லை. கடிதத்துக்கு அது பெரிதல்ல. குரலுக்கு அதுவே பிராணன். இதற்குக் கண்ட பரிகாரத்தை நம் கோயில் மேளத்தைக் கேட்டவர்கள் எளிதில் அறிவார்கள். நாதஸ்வரமும் தவிலும் எவ்வளவு தூரம் தனித்தனியே சஞ்சரித்தாலும், பின்னால் நின்று தாளம் போடுகிறவரின் கையைக் கொண்டே ஒன்றுகூடுகின்றன அல்லவா? அதுபோல வலையில் உள்ள கருவிகளில் ஒன்று தலைமைக் கடிகாரமாக நின்று காலத்தை அறிவிக்க, மற்றவை விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு நுட்பமாக அதனோடு இசைந்து நடக்கின்றன. எந்தத் துளியை எந்தக் கணத்தில் ஒலிக்கவேண்டும் என்பது ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தெரியும்.

காலம் கைக்கு வந்துவிட்டபின் கோயில் தெருவின் கதையே மாறிவிடுகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனி விலாசம் உண்டாதலால், கோயிலிலிருந்து தூரம் கூடக்கூட அதன் குரலை அதற்கேற்பத் தாமதித்து, முன்னிருந்து வரும் சப்தத்தோடு சேர்ந்தே ஒலிக்கச் செய்யலாம். நோயாளியின் வீட்டெதிரில் உள்ளதை மட்டும் தணிக்கலாம். தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பதால், உயரத்தில் நின்று கத்தும் ஹாரன்களுக்குப் பதில், ஆளுக்கு அருகே மெல்லப் பேசும் சிறு ஸ்பீக்கர்கள் பலவற்றை வைக்கலாம். பொது இடத்தின் எல்லையில் 75 டெசிபலுக்கு மேற்படலாகாது, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதை, போலீஸ்காரர் வந்து நிற்காமல், கருவியே அனுசரிக்கும்படி செய்யலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி அளவில் நீர் வெளியேறியபோது, அடையாற்றங்கரை வாசிகள் பலருக்கு வெள்ளம் வாசற்படி ஏறிய பிறகே செய்தி தெரிந்தது. ஈதர்நெட் கேபிளிலேயே ஸ்பீக்கருக்கு வேண்டிய மின்சாரத்தையும் அனுப்பும் முறை 2003 முதல் இருக்கிறது. ஊரில் மின்சாரம் நின்றாலும், ஓரிடத்தில் பாட்டரி இருந்தால் தெருவெல்லாம் பேசும். அடையாற்றோரமாக இந்த ஏற்பாடு ஒன்று இருக்கவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. ஒரு ஹாரன் பழுதானால் ஒரு கம்பம் ஊமையாகும். கேபிள்களை இணைத்துப் பொட்டலங்களை விலாசம் பார்த்துப் பிரித்தனுப்பும் சுவிட்ச் என்ற பெட்டி ஒன்று பழுதானால் ஒரு தெருவே ஊமையாகும். ஆகவே மாற்று வழி ஒன்றையும் சேர்த்தே அமைக்கவேண்டும். செம்புக் கேபிள் ஒரு வீச்சில் 100 மீட்டருக்கு மேல் ஆகாது. அதற்கப்பால் கண்ணாடி இழை வேண்டும். செலவு அதிகம் என்பதும் மெய்யே. எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, ஒரே கம்பெனியின் முறைக்கு ஊரை அடகு வைத்துவிடும் அபாயம். வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகள் தம்முள் பேசிக்கொள்ள 2013-இல் ஏ.இ.எஸ். 67 என்ற பொது நியமம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆவடி மாநகராட்சியோ, சென்னை மாநகராட்சியோ, அறநிலையத்துறையோ ஒலிபெருக்கிக்கு டெண்டர் விடும்போது அந்த நியமத்தை நிபந்தனையாக எழுதவேண்டும்.

இதற்கு ஆட்கள் எங்கே என்று சிலர் கேட்கலாம். அம்பத்தூரில் எனக்குத் தெரிந்த மைக் செட்டுக்காரர் ஒருவரிடம் நானும் அதையே கேட்டேன். கூரையிலிருந்து ஹாரன்கள் தொங்கும் அந்தக் கடையில், அவர் மகன் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, எட்டு மெல்லிய கம்பிகளை நிறவரிசைப்படி பிரித்து, பல்லால் உறையைக் கடித்து இழுத்து, கிரிம்பிங் கருவியால் முனையை நெரித்துக்கொண்டிருந்தான். கல்யாண சீசன் இல்லாத மாதங்களில் கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்தப் போகிறானாம். தெருமுழுதும் அவன் இழுத்த கேபிள்தான் என்றார் தகப்பனார். மின்சிக்கனத்துக்காகச் சில சுவிட்சுகள் இடையிடையே கண்ணயரும், அப்போது கடிகாரம் தடுமாறும், ஒலிக்கு வைப்பதானால் அந்த வசதியை முதலில் அணைத்துவிடவேண்டும் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். பையன் தலை நிமிர்ந்து, "எந்த சுவிட்ச் சார்?" என்று கேட்டான்.