மிதசூட்டுத் தாரை விதியாக்குங்கள்

மார்ச் பிறந்துவிட்டால் ஸ்காபரோ வீதிகளில் குழி பார்த்துத்தான் கார் ஓட்ட வேண்டியிருக்கிறது. பகலில் உருகும் பனி தாரின் வெடிப்புக்குள் இறங்குகிறது. இரவில் அது உறைந்து சுமார் 9 சதவீதம் பருக்கிறது. இப்படிச் சில நாட்கள் போக, பாரமான பஸ் ஒன்று ஏறி இறங்கியதும் அந்த இடம் பெயர்ந்துவிடுகிறது. 311க்கு அழைத்துச் சொன்னால், வீதியின் தரத்தைப் பொறுத்து 4 முதல் 30 நாட்களுக்குள் ரொறன்ரோ மாநகரசபை குழியை நிரப்பிவிடுகிறது. ஆனால் நிரப்பியது நிலைப்பதில்லை. அதுவே எங்கள் முறைப்பாடு.

பனிக்காலத்தில் தார்க்கலவை ஆலைகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். மிஞ்சுவது, சூடாக்காமல் போடும் குளிர்கலவைதான். தொழிலாளர்கள் அதை ஈரக் குழிக்குள் கொட்டி, சவளின் முதுகால் நாலு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போகிறார்கள். பின்னால் வாகனங்கள் வரிசைகட்டி நிற்கும்போது அவர்களால் வேறென்ன செய்ய முடியும்? அடுத்த பனிப்பொழிவில், பனி வழிக்கும் வண்டியின் தகடு அந்த ஒட்டைக் கிளப்பி எறிகிறது. ஜனவரிக் கடுங்குளிரில் இதற்கு மாற்று அதிகம் இல்லை என்பதை ஏற்கிறோம். நவம்பரிலும் ஏப்ரலிலும் ரோலர் கொண்டுவந்து முறையாகப் போடும் தாரும் சீக்கிரம் உடைவதைத்தான் ஏற்க முடியவில்லை.

வழமையான தார்க்கலவை 150 முதல் 170 பாகை செல்சியஸ் சூட்டில் தயாராகிறது. அது ஏறத்தாழ 80 பாகைக்குக் கீழே ஆறிவிட்டால், எத்தனை தடவை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. குளிர்ந்த தரையில் மெல்லிய படையாக விரித்தால் கிடைப்பது சில நிமிட அவகாசம். அதற்குள் இறுகாத கலவையில் காற்றிடைவெளிகள் மிஞ்சும். அடுத்த பனிக்காலத்தில் நீர் இறங்குவது அந்த வழியால்தான்.

மிதசூட்டுத் தார் அந்த அவகாசத்தை நீட்டித் தருகிறது. மெழுகோ இரசாயனச் சேர்மானமோ கலந்து, அல்லது சிறிதளவு நீரால் தாரை நுரைக்கவைத்து, குறைந்த சூட்டிலும் கலவை இளகி நிற்கும்படி செய்கிறார்கள். 1990களின் நடுப்பகுதியில் ஐரோப்பாவில் தொடங்கிய முறை இது. பனிநாடான நோர்வே முன்னோடிகளில் ஒன்று. ஒன்ராறியோ போக்குவரத்து அமைச்சும் பல ஆண்டுகளாகத் தன் நெடுஞ்சாலைகளில் இதைப் பயன்படுத்தி வருகிறது. சூடு 20 முதல் 40 பாகை வரை குறைவதால் எரிபொருளும் புகையும் குறைகின்றன. வீதிக்குத் தார் போடும் வேலையில் எழும் ஆவியைப் புற்றுநோய் ஏற்படுத்தும் சாத்தியம் உள்ளதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் வகைப்படுத்தியது. அதை நாள் முழுவதும் சுவாசிக்கும் தொழிலாளிக்காகவே இந்த மாற்றத்தைச் செய்யலாம்.

மாநகரசபை கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. இந்த முறை தரும் இலாபத்தை இரண்டு வகையில் எடுக்கலாம். ஆலையில் சூட்டை நன்றாகக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்துவது ஒன்று. சூட்டை அவ்வளவு குறைக்காமல், ரோலர் ஓட்டக் கூடுதல் நேரம் பெறுவது மற்றது. ஒப்பந்தகாரருக்கு முதலாவது பிடிக்கும். குளிர்காலத் திருத்தத்துக்குத் தேவை இரண்டாவது. குறைந்த சூட்டில் கல் முழுதாக உலராவிட்டால் தார் கல்லில் பிடிக்காமல் உரிந்துவிடும் என்று பொறியியலாளர்கள் எச்சரிப்பதும் நியாயமே. ஈரத்தாங்கு சோதனையும், சுண்ணாம்பு நீறு போன்ற பிடிமானச் சேர்மானமும் இருக்கையில் அந்த அச்சத்தைச் சொல்லியே இதை ஒதுக்கிவைக்கக் கூடாது.

ஆகவே, ஒக்டோபர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் இறுதி வரை ஆலைக்கலவை கொண்டு செய்யும் எல்லாத் திருத்தத்துக்கும் மிதசூட்டுத் தாரையே கட்டாயமாக்க வேண்டும். ஈரத்தாங்கு சோதனையில் தேறாத கலவை வீதிக்கு வரக் கூடாது. உறைந்த தரையில் எந்தத் தாரும் போடக் கூடாது. போட்ட இடத்தில் துளையிட்டு மாதிரி எடுத்து, இறுக்கம் போதுமா என்று அளந்த பிறகே ஒப்பந்தகாரருக்குப் பணம் கொடுக்க வேண்டும். அடுத்த பருவத்துக்கான கேள்விப்பத்திரங்கள் தயாராகும்போதே இவை அவற்றில் இடம்பெற வேண்டும். ஸ்காபரோவின் நகரசபை உறுப்பினர்கள் இதைச் சபையில் பிரேரணையாகக் கொண்டுவர வேண்டும்.