வாங்கத் தெரியாத வாங்கி

எனக்கு ரசனை கிடையாது என்று பெரம்பலூரில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கிறது. தீர்ப்பளித்தவன் என் சித்தப்பாவின் மகன். நான் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். சில வருஷங்களுக்கு முன், அவன் ஆசை ஆசையாக வாங்கி வைத்த பழைய ஸ்டீரியோ ரிசீவரைப் பார்த்து, "இது எதை வாங்கும், தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

"ரிசீவர்" என்றால் வாங்குவது என்று அர்த்தம். காற்றில் வருவதை வாங்கி நமக்குக் கொடுக்க வேண்டும். அதனால் கேட்டேன். அவனோ, "அண்ணே, ஒரு பக்கத்துக்கு 80 வாட்!" என்றான். எதை வாங்கும் என்று கேட்டால், எவ்வளவு கொடுக்கும் என்று பதில் வந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

கருவி அழகானதுதான், அதை மறுக்க மாட்டேன். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்து அமெரிக்காவில் விற்றது. வெள்ளி முகம், மரப் பக்கங்கள், விரலுக்கு வழுவழுவென்று சுழலும் திருகுகள், இசைத்தட்டுக்கு ஒரு வாய், டேப்புக்கு இரண்டு வாய், ஒலி ஏற ஏற ஓடும் விளக்கு வரிசை. நம் ஊர் மின்சாரம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. அது 120 வோல்ட்டில் வளர்ந்த பிள்ளை. ஆகவே நம்முடைய 230ஐக் குறைத்துக் கொடுக்க, அம்மிக் கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரையும் வாங்கினான். பெரம்பலூர் வாடகை வீட்டில் இத்தனைக்கும் இடமில்லை. அரியலூரில் உள்ள பூர்விக வீட்டுக் கூடத்துக்குக் கொண்டு போனான். அங்கே மர அலமாரியில் வீற்றிருந்த பழைய வால்வு ரேடியோ இறங்கிற்று. இறங்கிய வேகத்தில் பழைய இரும்புக் கடைக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த வீட்டில் சித்தப்பா இருந்தார். வயது 86. கண் மங்கிவிட்டது. பேப்பர் படிக்க முடியாத மனிதருக்கு ரேடியோதான் பேப்பர், பேச்சுத் துணை, கடிகாரம் எல்லாம். திருச்சி நிலையத்தின் குரலைக் கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும்.

நான் போயிருந்த அன்று காலையில் கருவியைப் போட்டார்கள். பச்சை எண்கள் பளிச்சிட்டன. சித்தப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "விளக்கெல்லாம் எரியுதுங்கறானுங்க தம்பி. திருச்சியைத்தான் காணோம்" என்றார்.

காணாததன் காரணம் மாயம் ஒன்றும் இல்லை. திருச்சி நிலையம் மத்திய அலையில் 936 கிலோ ஹெர்ட்ஸில் ஒலிபரப்பி வந்தது. நம் பக்கத்து நாடுகளில் 1978 முதல் மத்திய அலை நிலையங்களை ஒன்பது ஒன்பதாக இடைவெளி விட்டு வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். அமெரிக்காவில் பத்துப் பத்து. முள்ளை நகர்த்தித் தேடும் பழைய ரேடியோவுக்கு இதைப் பற்றிக் கவலையில்லை. எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இந்த நாகரிகக் கருவியோ பொத்தானை அழுத்தினால் 930ல் நிற்கும். இன்னொரு முறை அழுத்தினால் 940க்குத் தாவும். நடுவில் நின்ற திருச்சி இரண்டிலும் கரகரவென்று இழுபட்டது. ஏற்றுமதிக்கென்று செய்த சில மாடல்களில் இதை மாற்றப் பின்புறம் ஒரு சுவிட்சு உண்டு. அமெரிக்காவுக்கென்றே செய்த இதில் அது இல்லை.

"அது போகட்டும் அண்ணே, எப்.எம். கேளுங்க" என்றான் தம்பி. கேட்டேன். "ஸ்டீரியோ" என்ற சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. கூடவே மழை இரைவது போல ஒரு 'உஸ்' சத்தம். எப்.எம். அலை பெரும்பாலும் பார்வைக் கோட்டில் செல்வது. எங்கள் அரியலூர் வீட்டுக்கு வருவதற்குள் களைத்துப் போகிறது. ஸ்டீரியோவைச் சுத்தமாகக் கேட்க, மோனோவுக்குத் தேவைப்படுவதைப் போலப் பல மடங்கு வலுவான அலை வேண்டும். நான் எழுந்து போய் 'மோனோ' பொத்தானை அழுத்தினேன். இரைச்சல் அடங்கிப் பாட்டு தெளிந்தது. தம்பி முகம் சுருங்கிற்று. இரண்டு காதுக்கும் காசு கொடுத்தவனை ஒரு காதுக்காரனாக்கிவிட்டேன் அல்லவா?

இத்தனைக்கும் ஆன்டெனாவாக அவன் வைத்திருந்தது, பின்னால் தொங்கிய ஒரு முழம் கம்பி. மொட்டை மாடியில் திருச்சி திசை பார்த்து ஒரு நல்ல ஆன்டெனா நட்டிருந்தால் எப்.எம்.மாவது உருப்பட்டிருக்கும். ஆனால் அதை யார் பார்த்து மெச்சப் போகிறார்கள்? வாட் என்றால் நாலு பேரிடம் சொல்லிக் கொள்ளலாம்.

இந்த வாட் மயக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 10 வாட்டை 20 ஆக்கினால் ஒலி 3 டெசிபல் கூடும். காது, "கொஞ்சம் கூடியிருக்கிறதோ?" என்று யோசிக்கும்; அவ்வளவுதான். சத்தம் இரு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் வாட்டைப் பத்து மடங்காக்க வேண்டும். அதாவது இந்த 80 வாட், 8 வாட்டைப் போல இரண்டு பங்குதான் முழங்கும். வீட்டுக் கூடத்தில் நிதானமாகக் கேட்கிறவருக்கு ஓரிரண்டு வாட் பெரும்பாலும் போதும். வாட்டை மனம் போனபடி அச்சிட்டுக் கொண்டிருந்த கம்பெனிகளை அடக்க, அமெரிக்க அரசின் வாணிப ஆணையம் 1974ல் ஒரு விதியே செய்ய வேண்டி வந்தது. நம் கடைவீதியிலோ அதற்குப் பிறகும் 'பி.எம்.பி.ஓ.' என்ற மந்திரத்தைப் பெட்டி மேல் ஒட்டி, சுண்டு விரலால் தூக்கும் பிளாஸ்டிக் பெட்டியை ஆயிரம் வாட் என்று விற்றார்கள். நாமும் வாங்கினோம்.

பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. இரும்புக் கடைக்குப் போன வால்வு ரேடியோ சங்கீத வித்வான் அல்ல. தம்பூராவின் நயங்களில் பாதியை அது விழுங்கிவிடும். அன்று மாலை இந்த ரிசீவரில் ஓர் இசைத்தட்டைப் போட்டபோது வீணை என் முழங்காலுக்கருகில் இருப்பது போல ஒலித்தது. இசைத்தட்டுக்காக வாங்கினேன் என்று தம்பி சொல்லியிருந்தால் கைகுலுக்கியிருப்பேன். ஆனால் அவன் அதை ரேடியோ இருந்த இடத்தில் அல்லவா வைத்தான்?

ரேடியோவின் பெருமை எது என்பதை நம் பக்கத்து விவசாயிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தபோது, அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லிற்று. தஞ்சை ஜில்லாக்காரர்கள் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொற்கள் ஒற்றைக் காது மோனோவில், மத்திய அலையில், கரகரப்போடுதான் வந்தன. ஆனால் வந்து சேர்ந்தன, வயலில் முளைத்தன. எந்த எண்பது வாட்டுக்கு இந்தப் பட்டம் கிடைத்தது?

"கருவி மேல குத்தம் இல்லை அண்ணே, ஊர்தான் தூரம்" என்றான் தம்பி கடைசியாக. அதைத்தானே நான் முதலிலிருந்து சொல்லுகிறேன்! ஊரை நகர்த்த முடியாது. சித்தப்பாவையும் நகர்த்த முடியாது. கருவி எந்த ஊரில், யாருடைய காதுக்காக உட்காரப் போகிறது என்று பார்த்து வாங்குவதுதான் ரசனை. மற்றதெல்லாம் மேஜை நாற்காலி வாங்குகிற சமாசாரம்.

மறுநாள் அரியலூர்க் கடைவீதியில், முள் நகரும் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று வாங்கி வந்தேன். சித்தப்பா அதை மடியில் வைத்துக் கட்டைவிரலால் சக்கரத்தைத் தடவினார். கொஞ்சம் கரகரத்துவிட்டுத் திருச்சி வந்தது. அவர் முகத்தில் வந்த வெளிச்சம், அந்த விளக்கு வரிசையில் நான் பார்க்காதது.

அப்புறம் அந்த டிரான்சிஸ்டரை வைக்க இடம் தேடினோம். ரிசீவரின் தலை, அகலமாக, வாகாக இருந்தது.